ஒரு ஆள் பரிசல்

பரிசல் வாங்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். கோமுகி அணையில் இருபது வருடத்துக்கு மேலாக மீன் பிடிக்கிறவன், இவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. நானும் சும்மா இருப்பேனா? வாயைத் திறந்தால் மூடமாட்டேன். அடிப்பக்கம் தட்டையாக இருக்கிறதா பார், ரொம்ப உருண்டையாக இருந்தால் நீ எழுந்த உடனே உன்னைத் தண்ணீரில் தள்ளிவிடும். உள்ளே உட்கார்ந்து பார், விளிம்பு அக்குளுக்குக் கீழே இருக்க வேண்டும், அதற்கு மேல் உயரம் இருந்தால் வலை இழுக்கும்போது கை செத்துப்போகும். தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையிலிருந்து ரோடு வரைக்கும் நடந்து பார். ஜிலேபி மீன் பிடிக்கப் போகிறாயா, அப்படியானால் சத்தத்தைப் பார். பைபர் பரிசலில் வலையின் ஈயக் குண்டு ஒன்று விழுந்தால் போதும், மூழ்கின கட்டையடியில் இருக்கிற ஜிலேபி அத்தனையும் கிளம்பிவிடும். அடியில் கோணிச் சாக்கை மடித்துப் போடு. இப்படி அரை மணி நேரம் சொல்வேன். கேட்கிறவனுக்கு டீ ஆறிவிடும்.

ஒன்றை மட்டும் வெளியே யாரிடமும் சொன்னதில்லை. என் பரிசலை வாங்கி வந்த அன்று நான் வீட்டில் சொன்ன பொய். அதை இங்கே எழுதிவிடுகிறேன். எழுதினால் மனசு லேசாகும் என்கிறார்கள். எனக்கு ஆகும் என்று தோன்றவில்லை. ஆகவும் வேண்டாம்.

முதலில் எங்களிடம் இருந்தது மூங்கில் பரிசல். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, மேலே உரச்சாக்கைப் போர்த்தித் தார் பூசியது. அதில் நானும் என் மனைவியும் சேர்ந்துதான் போவோம். எங்கள் அணையில் பாதிப் பேர் அப்படித்தான். பெண்டாட்டி துடுப்புப் போடுவாள், புருஷன் வலை விடுவான். பரிசல் வட்டமானது, அதற்கு முன்னும் கிடையாது பின்னும் கிடையாது. துடுப்புப் போடுகிறவர் எந்தப் பக்கம் உட்காருகிறாரோ அதுதான் முன்பக்கம். அதனால் அவள் முன்னால் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு போவாள். நான் பின்னால் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக வலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டே போவேன். பேச்சு முழுக்க முதுகுக்குப் பின்னால்தான் நடக்கும்.

"நில்லு. இன்னும் வுடாத. ம்... இப்ப வுடு."

கரையில் இருக்கும்போது எனக்கு மரியாதை உண்டு. "சாப்ட்டீங்களா, போய்ட்டு வந்தீங்களா" என்று வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவாள். பரிசலில் ஏறிவிட்டால் நீ, வா, போ, நில்லு. அவளுக்கே அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஒருமுறை நான் கேட்டதற்கு, "அங்க ஏறினா எனக்கு யாரும் ஞாபகத்துக்கு வர்றதில்ல" என்று சொல்லிச் சிரித்தாள். தண்ணீருக்கு நடுவில் இருந்தால் யாரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்பாள். அடுப்பு கூப்பிடாது, ஆடு கூப்பிடாது, என் அம்மா கூப்பிட மாட்டாள். அந்த முன்பக்கத்து இடத்தின் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. காலையில் நான் பல் விளக்கி முடிப்பதற்குள் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நிற்பாள்.

ஜிலேபி மீன் திறந்த தண்ணீரில் நிற்காது. அணைக்குள் மூழ்கிக் கிடக்கிற பழைய மரக்கட்டைகளை ஒட்டி அடைந்து கிடக்கும். கட்டைக்குப் பக்கத்தில் வலை விட்டால் மீன். கட்டை மேலேயே விட்டால் வலை தாறுமாறாகக் கிழியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம்தான் வித்தியாசம். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே பச்சைத் தண்ணீர். அவள் "இப்ப வுடு" என்றால் விடுவேன், மறுநாள் காலையில் வலை கனக்கும். அவளுக்குக் கைராசி என்று ஊரே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எப்படித் தெரியுது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எதற்குக் கேட்க வேண்டும், மீன்தான் வருகிறதே.

கரையில் மீன் எடுக்க வருகிற வியாபாரி ஒருத்தன் இருந்தான். எங்களைவிட வயதில் சின்னவன், வாய் மட்டும் பெரியது. தினமும் என்னை ஒரு கை பார்க்காமல் போகமாட்டான்.

"அண்ணே, உனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் அண்ணி கைராசி. அண்ணி இல்லாம நீ எறங்கிப் பாரு, ஒரு பொடி மீனு மாட்டுதா பாக்கறேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன். முதலில் சிரிப்புத்தான். போகப்போக அது சுருக்கென்று குத்த ஆரம்பித்தது. ஒரு நாள் இன்னொருத்தன் சேர்ந்துகொண்டான். "அவங்க முன்னால ஓட்டிகினு போறாங்க, நீ பின்னால மூட்டையாட்டம் குந்திகினு போற" என்றான். எனக்கு மூக்கின் மேல் கோபம். ஆனால் கோபத்தை அவன் மேல் காட்டவில்லை. ரோஷம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த நாள் பரிசலில் அவள் "நில்லு" என்றபோது வேண்டுமென்றே வலையை விட்டேன். கிழிந்தது. அவள் சாயங்காலம் உட்கார்ந்து அதைப் பின்னினாள். வலை பின்னுவதும் அவள் வேலைதான்.

அதற்கடுத்த இரண்டு வருடத்தில் மூங்கில் பரிசல் ஓய்ந்துபோனது. எத்தனை முறை தார் பூசினாலும் அடியில் தண்ணீர் ஊறியது. எல்லோரும் பைபர் பரிசலுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள், நாங்களும் ஒன்று வாங்குவது என்று முடிவானது. சேலம் போகிற ரோட்டில் அதைச் செய்து விற்கிற பட்டறை இருக்கிறது.

"நானும் வரட்டாங்க? குந்திப் பாத்து வாங்கலாம்" என்றாள்.

"நீ எதுக்கு? ஆட்ட யாரு பாக்கறது?"

"சரி. கொஞ்சம் பெருசா பாத்து வாங்குங்க."

பட்டறையில் பெரியதாக ஒன்றும் சின்னதாக ஒன்றும் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எதற்கு என்று கேட்டார் கடைக்காரர். ஜிலேபிக்கு, வலை விட என்றேன். கூட யார் வருவார்கள் என்றார். வீட்டுக்காரி என்றேன். அவர் சின்னதைக் காலால் நிமிர்த்திப் போட்டார். நீல நிறம்.

"புருஷன் பொஞ்சாதிக்கு இது தாராளங்க. மூணு பேரு ஏறினாக்கூட அசையாது. பெருசு எதுக்கு, தூக்கிகினு நடக்கறதுக்குக் கஷ்டம்."

உள்ளே இறங்கி உட்கார்ந்து பார்த்தேன். நட்ட நடுவில். காலை நீட்டினேன், துடுப்பை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வீசிப் பார்த்தேன். நடுவில் ஒரே ஆள் உட்கார்ந்தால் அது ஒரு ஆள் பரிசல் மாதிரியே இருந்தது. கரையில் அந்த வியாபாரி நின்று பார்ப்பதும், நான் தனியாக வலை நிறைய ஜிலேபியோடு வந்து இறங்குவதும் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது யாருடைய கைராசி என்று அவனைக் கேட்க வேண்டும். வேறு ஒரு யோசனையும் இல்லை, சத்தியமாக. அவளைப் பற்றி அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை. அதுதான் இப்போது அதிகமாக உறுத்துகிறது.

சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் இறக்கினேன். மஞ்சளும் குங்குமமும் தயாராக வைத்திருந்தாள். விளிம்பைச் சுற்றி நான்கு இடத்தில் பொட்டு வைத்தாள். கையால் தடவிப் பார்த்தாள். பிறகு சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, தரையில் கிடந்த பரிசலுக்குள் ஏறி, முன்பக்கமாக உட்கார்ந்தாள். துடுப்பு இல்லாத கையால் காற்றில் ஒரு இழுப்பு இழுத்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"எடம் நெறயா கீது. நீ கால நீட்டிகினு குந்தலாம்" என்றாள்.

ஏறின உடனே நீ வந்துவிட்டது. சுற்றிலும் அக்கம் பக்கத்து ஆட்கள் பரிசல் பார்க்க நின்றிருந்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வேகம் வந்ததோ.

"எறங்கு, எறங்கு. அது ஒரு ஆளுதான் தாங்கும். ரெண்டு பேரு ஏறினா கவுந்துடும்னு கடைக்காரன் சொல்லிட்டான்."

"இவ்ளோ பெருசா கீது?"

"பைபரு அப்டித்தான். பாக்கத்தான் பெருசு."

"அப்டியா சொன்னான்?"

"பின்ன நான் இன்னா பொய்யா சொல்றேன்?" என்று கத்தினேன்.

பொய் சொல்கிறவன்தான் அப்படிக் கத்துவான். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு காலை வெளியே வைத்து, மறு காலையும் எடுத்து வைத்தாள். தண்ணீரே இல்லாத இடத்தில் அத்தனை ஜாக்கிரதையாக இறங்கினாள். "ஒங்களுக்குப் பத்திரமா இருந்தா போதுங்க" என்றாள். அன்றோடு எனக்கு வீட்டில் மரியாதை நிரந்தரமானது.

தனியாக இறங்கினேன். துடுப்பையும் நானே போட்டு வலையையும் நானே விட வேண்டும். துடுப்பை வைத்துவிட்டு வலையை எடுத்தால் காற்று பரிசலைச் சுற்றிவிடும், திசை மாறிவிடும். கட்டை எங்கே இருக்கிறது, எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருடமாக நான்தான் முதுகைக் காட்டிக்கொண்டு போனவனாயிற்றே. ஒரு நாள் மீன் கிடைக்கும், நாலு நாள் வலை கிழியும். தண்ணீர் சரியில்லை, காற்று சரியில்லை, புது வலை சரியில்லை என்று கரையில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னேன். வியாபாரி கிண்டலையே நிறுத்திவிட்டான். அது கிண்டலைவிட மோசமாக இருந்தது.

அவள் இரண்டு வாரம் வீட்டில் இருந்தாள். பிறகு, "சும்மா குந்திகினு இருக்க முடியலைங்க" என்று பக்கத்து வீட்டு அக்காவோடு சித்தாள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். மாவட்டத் தலைநகரம் ஆனதிலிருந்து கள்ளக்குறிச்சியில் எங்கே பார்த்தாலும் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. காலை பஸ்ஸில் போய் ராத்திரி பஸ்ஸில் வருவாள். மணல், ஜல்லி, கலவைச் சட்டி. துடுப்பு பிடித்த கை அது, சட்டியும் தூக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் வரும்படி குறைந்திருந்த நேரம், அதனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கான்கிரீட் போட்ட ஒரு நாள் மேலேயிருந்து சரிந்த சட்டியை ஒற்றைக் கையால் தாங்கிப் பிடித்தாளாம். வலது தோள்பட்டை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், தைலம் தேய்த்துக்கொண்டாள்.

"வலிக்குதா?" என்றேன்.

"கம்மியாத்தான் கீது."

அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதி. நாலு நாள் கழித்து மறுபடியும் வேலைக்குப் போனாள்.

இப்படியே ஒன்றரை வருடம் ஓடிய பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறு என்றால் கரியாலூர்ப் பக்கம் அருவி பார்க்கப் போகிற கூட்டம் திரும்பி வரும்போது அணையில் வண்டியை நிறுத்தும். அன்று ஒரு குடும்பம் வந்தது. குடும்பத் தலைவர் நல்ல பருமனான ஆள், தொப்பை சட்டையை முட்டிக்கொண்டிருந்தது. "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களாண்ணே, வீடியோ எடுக்கணும்" என்று கேட்டார். அண்ணே என்று ஒரு பேண்ட் போட்ட ஆள் கூப்பிட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாங்க சார், தாராளமா வாங்க என்றேன். அவர் ஏறினார். பரிசல் ஒரு விரல்கடை தாழ்ந்தது, அவ்வளவுதான். அவரை உட்கார வைத்து அணையின் மதகு ஷட்டர் வரைக்கும் போய் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். பரிசலைத் தட்டாமாலை சுற்றவிட்டேன். அவர் கூச்சல் போட்டுச் சிரித்தார். கரையில் அவர் குடும்பம் கை தட்டியது.

திரும்பி வரும்போதுதான் பார்த்தேன். கை தட்டுகிற கூட்டத்துக்குப் பக்கத்தில் என் மனைவி நின்றிருந்தாள். கையில் என் சோற்றுத் தூக்கு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலை கிடையாது, சோறு கொண்டுவந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

அந்த ஆள் இறங்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் வலையைச் சரி செய்வது மாதிரி குனிந்துகொண்டேன். அவள் கிட்டே வந்து தூக்கை என் பக்கத்தில் வைத்தாள். போகிற அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு இன்னா வெயிட்டு இருப்பாருங்க?"

"நூறு கிலோ இருப்பாரு" என்று நான் பாட்டுக்குச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன கேட்டாள் என்பது உறைத்தது.

"நான் நாப்பத்தெட்டுதான்" என்றாள். "ஆஸ்பத்திரில நிறுத்தினாங்க."

அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. விளிம்பில் அவள் வைத்த குங்குமப் பொட்டின் கறை கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதை ஒரு விரலால் தொட்டாள். "சோறு ஆறிடும், சாப்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கரையேறி நடந்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை. சோற்றைத் தண்ணீரில் கொட்டினேன். அன்றைக்கு மீன்கள் நன்றாகச் சாப்பிட்டன.

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் டீ வந்தது, சாயங்காலம் கிழிந்த வலை பின்னி வைக்கப்பட்டது. சாப்ட்டீங்களா, போய்ட்டு வந்தீங்களா. அந்த 'ங்க' ஒவ்வொன்றும் என்னைக் கன்னத்தில் அறைந்தது. எத்தனையோ முறை வாயெடுத்தேன். நான் சொன்னது பொய் என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். எனக்கு அது வரவில்லை. பரிசல் வாங்குவது எப்படி என்று அரை மணி நேரம் பேசுகிற வாய் இது.

சித்திரை வந்தது. வெயிலில் அணை வற்றி, நடுவில் குட்டையாகக் கொஞ்சம் தண்ணீர் நின்றது. வழக்கமாக அந்தச் சமயத்தில் நான் கரும்பு வெட்டப் போய்விடுவேன். அந்த வருடம் போகவில்லை. கிழிந்து உள்ளே சிக்கிக்கொண்ட வலைத் துண்டுகளில் ஈயக் குண்டுகள் இருக்குமே, பொறுக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ந்த அணைக்குள் இறங்கி நடந்தேன். சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. தூரத்தில் அவள் எங்கள் ஆடு இரண்டையும் மேய்த்துக்கொண்டிருந்தாள். ஆடுகள் ஒரு பக்கம் போக, அவள் வேறு பக்கம் போனாள். ஒரு மொட்டைப் புளியங்கட்டையிடம் போய் நின்றாள். மலையைப் பார்த்தாள், திரும்பி ஷட்டரைப் பார்த்தாள். இரண்டடி தள்ளி நின்று மறுபடியும் பார்த்தாள். பிறகு அடுத்த கட்டைக்குப் போனாள். அங்கேயும் அதே மாதிரி.

கைராசியாவது ஒன்றாவது. வருடா வருடம் நான் கரும்பு வெட்டப் போயிருந்த மாதங்களில் இவள் வெயிலில் ஆடு மேய்த்துக்கொண்டே இந்த அணையை மனப்பாடம் பண்ணியிருக்கிறாள். எந்தக் கட்டை, எந்தப் பாறைக்கு நேரே, ஷட்டரின் எத்தனையாவது தூணுக்கு நேரே என்று.

கிட்டே போனேன். "இன்னா பண்ற?" என்றேன்.

"போன வருசத்துக்கு இந்த வருசம் சேறு ஏறிகீது. ரெண்டு கட்டை மூடிகிச்சு. அந்தாண்ட புதுசா ஒரு முள்ளுமரம் சாஞ்சி கெடக்குது. ஷட்டருல மூணாவது தூணுக்கு நேரா வந்துச்சின்னா வலைய வுடாதீங்க."

"நீதான் பரிசல்ல வர்றதில்லையே. ஒனக்கு எதுக்கு இது?"

"தண்ணி ஏறினா நீங்க அங்கதான போவீங்க. கிழிச்சிகினு வந்து என்கிட்டதான குடுப்பீங்க."

அங்கேயே சொல்லிவிட்டேன். "கடைக்காரன் அப்டிச் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"தெரியும். அந்த நூறு கிலோ ஆள ஏத்தனப்பவே தெரிஞ்சிபோச்சி."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"இன்னான்னு கேக்கறது? வேணாம்னு எறக்கி வுட்டவங்ககிட்ட எடம் குடுன்னு கேக்கறதா?" ஆடு ஒன்று விலகிப் போனது, அதை அதட்டிக் கூப்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏன் அப்டிச் சொன்னீங்க? அத்த மட்டும் சொல்லுங்க."

கரையில் அந்த வியாபாரி கிண்டல் பண்ணினதைச் சொன்னேன். அண்ணி கைராசி, மூட்டையாட்டம் குந்திகினு போற. சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. வெறும் வாய்ப்பேச்சு. அவள் இதைவிடப் பெரியதாக ஏதோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. தன் மேல் ஏதாவது குற்றம் இருக்கும் என்று இத்தனை நாளாக யோசித்திருப்பாள்.

"அதுக்கா?" என்றாள். "அதுக்கா என்ன எறக்கி வுட்டீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். காலடியில் என் வலைத் துண்டு ஒன்று கட்டையில் சுற்றிக் கிடந்தது. அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

ஆவணியில் மலையில் மழை பிடித்துக்கொண்டது. அணையில் தண்ணீர் ஏறியது. ஒரு நாள் விடிந்ததும், "வா, போலாம்" என்று கூப்பிட்டேன். கெஞ்சுகிற மாதிரிதான் கூப்பிட்டேன். அவள் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். அவளுடைய பழைய துடுப்பை நான் முந்தின நாளே தேய்த்துக் கழுவி வைத்திருந்தேன். அதை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஏறினாள். முன்பக்கம் உட்கார்ந்தாள். பரிசல் ஒரு விரல்கடைகூடத் தாழவில்லை. நான் பின்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து வலையை மடியில் வைத்துக்கொண்டேன். பரிசல் நகரவில்லை. திரும்பிப் பார்த்தேன். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வலது கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. இடது கையால் அதைத் தூக்கிவிடப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்னொரு முறை முயன்றாள். துடுப்பு தண்ணீரில் வெறுமனே ஒரு கோடு கிழித்தது.

"வரல" என்றாள்.

"வேணாம், வுடு. எறங்கிடலாம்."

"எறங்கறதா? நீ போடு. நான் சொல்றேன்."

இடம் மாறிக்கொண்டோம். நான் முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டேன். அவள் எனக்குப் பின்னால், என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து என் தோளுக்கு மேலாக மலையைப் பார்த்தாள். நேரா போ. இந்தாண்ட ஒடி. நில்லு. அவள் சொன்ன இடத்தில் துடுப்பை வைத்துவிட்டு நானே வலையும் விட்டேன். கண்ணாரக் கேட்டேன் என்று சொல்ல முடியுமானால், அந்த 'நில்லு'வை அப்படித்தான் கேட்டேன். ஆனாலும் என் துடுப்பு தண்ணீரில் விழும்போதெல்லாம், அவள் மடியில் மடங்கிக் கிடக்கிற அந்தக் கை என் முதுகில் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் சொன்ன பொய் அவளைக் கரையில் இறக்கியது, கரை அவள் தலையில் சட்டியைத் தூக்கி வைத்தது. வேறு யாரையும் கை காட்ட முடியாது.

நடுத்தண்ணீரில் மலைக்காற்று அடித்தது. அவள் கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. இடது கையால் ஒதுக்கினாள், மறுபடியும் விழுந்தது. வலையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை ஏன் பின்னால் போகவில்லை என்று புரிவதற்கு எனக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

"கொஞ்சம் முடிஞ்சி வுடறியா?" என்றாள். "கை மேல போவ மாட்டேங்குது."

"வூட்ல எப்டி முடிஞ்சிக்கற?"

"பக்கத்து வூட்டு அக்காதான் சீவி வுடுது. ஆறு மாசமா."

ஆறு மாசம். ஒரே வீட்டில் இருந்தேன். ஒரே வாசலில் டீ குடித்தேன். தினமும் காலையில் அவள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வருவாள், வம்பளக்கப் போகிறாள் என்று நினைத்து முணுமுணுத்திருக்கிறேன்.

துடுப்பை உள்ளே போட்டேன். அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். முடியைச் சேர்த்துப் பிடித்தேன். எனக்குத் தெரிந்தது வலை முடிச்சு ஒன்றுதான், அதைப் போட்டேன். அவள் இடது கையால் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னா இது, வலை முடிச்சா? இத்த யாரு அவுக்கறது?" என்று சிரித்தாள்.

"நான் அவுக்கறேன்" என்றேன். "தெனமும் நான் முடிஞ்சி வுடறேன்."

துடுப்புப் போட ஆளில்லாமல் பரிசல் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மலை வந்தது, ஷட்டர் வந்தது, மறுபடியும் மலை வந்தது. இரண்டு பேரையும் அது நன்றாகத்தான் தாங்கியது.